சாத்தி வைக்க வேண்டிய கதவு

சண்முகப்பிரியாவும் மாரக்காளும் மண்ணரையில் ஒரே சந்தில், ஒரே வரிசையில் குடியிருந்தார்கள். சந்துக்குள் நுழைந்ததும் மாரக்காள் வீடு. அதைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அந்தப் பக்கம் சண்முகப்பிரியாவும் அவள் அம்மா முத்தாயியும் இருந்த வீடு. இரண்டுமே ஓர் அறையும் ஓர் அடுப்படியும் வைத்துக் கட்டிய சிமெண்டு அட்டை வீடுகள்தான். காலை எட்டேகாலுக்கு மாரக்காள் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்து நின்று, "கண்ணு, கெளம்பலாமா?" என்பாள். இருவரும் சேர்ந்து நடந்தால் பத்து நிமிசத்தில் பனியன் கம்பெனி.

கம்பெனிக்குள் போனதும் பிரிந்துவிடுவார்கள். மாரக்காளுக்கு மூன்றாவது மாடியில் செக்கிங். தைத்து வரும் பனியனை மேசைமேல் விரித்து, ஓட்டை விழுந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஒட்டித் தனியே தள்ள வேண்டும். பதினாறு வருசமாக அதே வேலை. ஒரு பனியனை முன்னும் பின்னுமாக அவள் ஒருமுறை புரட்டிப் போட்டால் அதில் மறுபடி பார்க்க ஒன்றும் இருக்காது. வெளிநாட்டிலிருந்து சரக்குப் பார்க்க வருகிறவர்கள்கூட அவள் மேசையில் கட்டிய கட்டைப் பிரிப்பதில்லை.

சண்முகப்பிரியா எம்.காம் படித்தவள். தரைத்தளத்து ஆபீசில் வேலை. அந்த வேலைக்குக் கம்ப்ளையன்ஸ் என்று பெயர். வெளிநாட்டுக்காரன் சும்மா சரக்கு வாங்குவதில்லை. குடிதண்ணீர் ஒழுங்காக இருக்கிறதா, கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா, மருந்துப்பெட்டியில் மருந்து இருக்கிறதா, தீப்பிடித்தால் ஆட்கள் தப்பிக்க வழி இருக்கிறதா என்றெல்லாம் ஆள் அனுப்பிப் பார்ப்பான். வருகிற ஆளிடம் காட்ட வேண்டிய காகிதங்களை எழுதித் தயாராக வைப்பது அவள் பொறுப்பு.

அதில் ஒரு காகிதம் தீத்தடுப்புக் கதவுகளைப் பற்றியது. கம்பெனிக்கு உள்ளே ஒரு படிக்கட்டு. பின்பக்கம், வெளிச்சுவரை ஒட்டி ஓர் இரும்புப் படிக்கட்டு. உள்படி ஒவ்வொரு மாடியிலும் வந்து சேரும் இடத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கனத்த இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். கதவின் தலைமாட்டில் ஒரு கை போல மடங்கிய இரும்பு இருந்தது. திறந்துவிட்டால் அது இழுத்துக் கதவைத் தானாகச் சாத்திவிடும். மாசத்துக்கு ஒருமுறை சண்முகப்பிரியா மூன்று மாடியும் ஏறி, கதவு நல்ல நிலையில் உள்ளதா, வழி தடையில்லாமல் உள்ளதா என்று இங்கிலீசில் அச்சடித்திருந்த கட்டங்களில் டிக் போட வேண்டும். கடைசி வரியில், ஆய்வு செய்த தகுதியுள்ள நபர் என்ற இடத்தில் கையெழுத்து.

முதல்முறை அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்குக் கை வரவில்லை. மானேஜர் தரணீதரனிடம் எடுத்துக்கொண்டு போனாள்.

"சார், தகுதியுள்ள நபர்னு போட்டிருக்குதுங்களே, அது யாருங்க?"

தரணீதரன் மொதலாளிக்கு ஒறம்பரை, சொந்தக்காரர். ஆனாலும் யாரையும் அதட்டிப் பேசாத மனிதர். "நீதாம்மா. படிச்சிருக்கறே, இங்கிலீசு தெரியுது. மேல போயிப் பாத்துப்போட்டு வர்றே. வேறென்ன தகுதி வேணும்?"

"கதவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே சார்."

"கதவுல தெரியறதுக்கு என்ன இருக்குது? தொறந்தாத் தொறக்கோணும், சாத்துனாச் சாத்தோணும். போட்டுக் குடு."

அவள் போட்டுக் கொடுத்தாள். அப்படியே மூன்று வருசம் போட்டாள்.

அந்த வருசம் வேசகால வெய்யில் சித்திரை பிறக்கும் முன்பே வந்துவிட்டது. மூன்றாவது மாடிக்கு மேலே வெறும் தகரக் கூரை. பதினொரு மணிக்கே ஃபேன் சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. செக்கிங் மேசைப் பெண்கள் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். வியர்வை சொட்டி வெள்ளைப் பனியனில் கறை பட்டால் அதற்கும் பேச்சு வாங்க வேண்டும். ஒரு பெண் மயங்கி விழுந்து, மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

அந்த வாரம் சண்முகப்பிரியா கதவு பார்க்க மேலே போனபோது மாரக்காள் அவளைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, இந்தக் கதவைச் சித்தெ தொறந்து வெச்சாப் படிப்பக்கமிருந்து சிலுசிலுன்னு காத்து வருது. ஆனா வுட்டா டப்புன்னு சாத்திக்குது. இதுக்கொரு வழி பண்ணு சாமி."

"ஆமாங்க மேடம், வெந்து சாகறோமுங்க" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

சண்முகப்பிரியா யோசித்துத்தான் பார்த்தாள். தீப்பிடித்தால் ஓடுவதற்கு வைத்த கதவு. ஓடுவதற்கு வைத்தது திறந்தே இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டாவது மாடியில் துணி ரோல் வண்டி போய்வருவதற்காக, நூல் கோன் பெட்டியை அணை கொடுத்து அந்தக் கதவை வெகுநாளாகத் திறந்துதான் வைத்திருந்தார்கள். அதையும் அவள் தடையில்லை என்றே எழுதி வந்திருந்தாள். தையல் மேசையிலிருந்து ஒரு முழம் எலாஸ்டிக் நாடா வாங்கி, கதவின் கைப்பிடியைப் பக்கத்து ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் பாண்டித்துரை ஏணியில் நின்றபடி பார்த்தான். சிவகங்கைப் பக்கத்து ஆள். "என்னக்கா, கட்டிப்புட்டீங்க? ஏதோ காரணத்துக்குத்தேன் தானாச் சாத்துற மாதிரி வச்சிருப்பாய்ங்க."

"தப்பிச்சுப் போற வழிதானுங்கண்ணா? தொறந்திருந்தா நல்லதுதானுங்களே."

"அதுவுஞ் சரித்தேன்" என்று அவன் டியூப்லைட்டைத் திருகினான்.

கதவு திறந்ததும் காற்று வந்தது. நிஜமாகவே வந்தது. மாரக்காள் தன் மேசையைக் கதவோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்று மத்தியானம் அரிசிம்பருப்புச் சோற்றில் பாதியைத் தூக்குப்போசி மூடியில் வைத்து ஆபீசுக்குக் கொண்டுவந்து, "நெய் ஊத்தியிருக்கறேன், ஆறறதுக்குள்ள உண்ணு" என்று வைத்துவிட்டுப் போனாள்.

எட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, மூன்று மணி டீ முடிந்து எல்லாரும் மேசைக்குத் திரும்பியிருந்தார்கள். இரண்டாவது மாடியில் துணி ரோல்களை ஒட்டியிருந்த சுவிட்சுப் பலகையில் தீப்பொறி பறந்தது. பஞ்சுத் தூசி பிடித்துக்கொண்டது. அணைக்க ஓடியவர்கள் கையிலெடுத்த தீயணைப்புச் சிலிண்டர் காலியாகும் முன்பே நாலு ரோல் எரிந்துகொண்டிருந்தது. கரண்டு போயிற்று. இரண்டாவது மாடி ஆட்கள் அலறிக்கொண்டு பின்படியில் இறங்கினார்கள்.

ஆபத்து வந்தால் ஆட்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தித் தலை எண்ணுவதும் சண்முகப்பிரியாவின் வேலைதான். வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்படியில் பெண்கள் இருமிக்கொண்டும், ஒருத்தி சேலையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டும் இறங்கினார்கள். கண் தெரியவில்லை, மேலே ஒரே இருட்டு என்றார்கள். மூன்றாவது மாடியில் எங்கும் தீப்பிடிக்கவில்லை. பின்னே எப்படி இத்தனை புகை என்று அவளுக்குப் புரியவில்லை. பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தியாக, "இருக்கறேனுங்க" என்றார்கள். மாரக்காள் பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்டவர்கள் மேலே போய் மாரக்காளைத் தூக்கி வந்தார்கள்; உயிர் போயிருந்தது. உடம்பில் ஓரிடத்திலும் நெருப்புப் படவில்லை. மூக்கிலும் வாயோரத்திலும் மட்டும் கரி. கதவோரத்து மேசைக்குக் கீழேயே கிடந்ததாகச் சொன்னார்கள். எழுந்து நாலடிகூட வைக்கவில்லை.

மாரக்காளின் புருசன் ஆத்தப்பனுக்கு அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடும் வேலை. ஆள் சொல்லி விட்டதும் முகமெல்லாம் கரிய தூசியோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பன்னிரண்டாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மகள் வர்ஷினி, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சண்முகப்பிரியா பக்கத்தில் போனதும் அவள் மேல் சாய்ந்து, "அக்கா, அம்மாளுக்குப் பொகையே ஆகாதுக்கா, வெறகடுப்புக்கே இருமுவாளேக்கா" என்று அழுதாள். சண்முகப்பிரியா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு எதுவும் தெரியாது.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்துத் தீயணைப்பு ஆபீசர் ஒருவர் இடத்தைப் பார்க்க வந்தார். நரைத்த மீசை. சண்முகப்பிரியாவைக் கூட வரச் சொன்னார்கள். படிக்கட்டுச் சுவர் அடுப்பு உள்பக்கம் போலக் கறுத்திருந்தது. மூன்றாவது மாடிக் கதவுக்கு முன்னால் அவர் நின்றார். எலாஸ்டிக் சூட்டில் சுருங்கி, ஜன்னல் கம்பியில் ஒட்டிக் கிடந்தது.

"இதை யாரும்மா கட்டுனது?"

"நாந்தானுங்க."

"கதவையெல்லாம் மாசாமாசம் செக் பண்ணினதா ஃபைல்ல இருக்கே, அது?"

"அதுவும் நாந்தானுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கதவின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே பேசினார்.

"இது ஓடுறதுக்கு மட்டும் வெச்ச கதவில்லம்மா. தீயையும் புகையையும் அந்தப் பக்கமே நிறுத்துறதுக்கு வெச்சது. சாத்தியிருந்தாத்தான் இது கதவு. திறந்து வெச்சா ஓட்டை. கீழ ரெண்டாவது மாடிக் கதவும் திறந்திருக்கு. புகை அது வழியாப் படிக்கு வந்து, இது வழியா உள்ள புகுந்திருக்கு. கதவுக்கும் நிலைக்கும் நடுவுல எத்தனை மில்லி இடுக்கு இருக்குன்னு எப்பவாவது அளந்தியா?"

"இல்லீங்க."

"விளிம்புல ஒரு பட்டை வரும். சூடு பட்டா உப்பி இடுக்கை அடைச்சுக்கும். இங்க பாரு, ஒரு பக்கம் பேந்து போயிருக்கு. இது இன்னிக்கு நேத்துப் பேந்ததில்ல. பார்த்தியா?"

"அது எதுக்குன்னு தெரியாதுங்க."

"கீல், பூட்டு நாக்கு, மேல இருக்கிற இந்தக் கை, எந்த இடத்துல கையை விட்டாலும் கதவு தானா முழுசாச் சாத்துதான்னு..." அவர் நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

"இதையெல்லாம் பாக்கறதுக்கு யாருங்க சார் தகுதியானவங்க?" என்று அவளே கேட்டாள்.

"இதுக்குன்னே பயிற்சி எடுத்து, நூறு கதவு இருநூறு கதவு கழட்டி மாட்டிப் பார்த்தவங்க இருக்காங்க. கதவு வித்தவங்களைக் கேட்டிருந்தாலே ஆள் அனுப்பியிருப்பாங்க. படிப்பு மட்டும் போதாது, வெறும் அனுபவமும் போதாது. அப்படி ஆள் கிடைக்கலேன்னா, எனக்கு இது தெரியாதுன்னு எழுதத் தெரிஞ்ச ஒருத்தராவது பார்த்திருக்கணும்."

கீழே இறங்கும்போது அவள் கேட்டாள்: "சாத்தியிருந்தா என்ன ஆயிருக்குமுங்க சார்?"

அவர் படி இறங்கிக்கொண்டே சொன்னார். "மூணாவது மாடி ஆளுங்க பூராவும் பின்படில இறங்கி, ரோட்டுல நின்னு வேடிக்கை பார்த்திருப்பாங்க."

அன்று மத்தியானம் அவள் ஆபீஸ் பீரோவை முழுக்கக் குடைந்தாள். பாண்டித்துரை ஒருமுறை, கதவோடு வந்த புத்தகத்தை ஆபீசில் கொடுத்ததாகச் சொன்னது ஞாபகம். பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் பாலித்தீன் உறை பிரிக்காமல் கிடந்தது. மெல்லிய புத்தகம். மூன்றாம் பக்கத்தில் படம் போட்டிருந்தான். ஒரு கதவு, அதற்கு அணையாக ஒரு கட்டை, அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. படிப்பே தேவையில்லை. எழுத்துத் தெரியாத ஆள்கூடப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். சண்முகப்பிரியா அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வரவில்லை. புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தரணீதரன் அவள் வீட்டுக்கு வந்தார். முத்தாயி தரையில் பனியன் கட்டைப் பிரித்துப் போட்டுக் கூலிக்கு நூல்பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரியைக் கீழே வைத்து, பனியனையெல்லாம் ஒதுக்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இருக்கட்டுங்க ஆத்தா" என்று அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வெய்யிலைப் பற்றிப் பேசினார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கனத்த தாள், ஓரத்தில் தங்க நிறக் கோடு. தீத்தடுப்புக் கதவு ஆய்வுப் பயிற்சியில் கலந்துகொண்டு தேறியவர், சண்முகப்பிரியா. கோயமுத்தூர். போன தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

"நான் இதுக்குப் போகலீங்களே சார்."

"போனதா வெச்சுக்க. சர்டிபிகேட்டு நெசமாலுமே அவங்க குடுத்ததுதான், தெரிஞ்சவங்க. இத பாரு சண்முகப்பிரியா, உன்னை எங்கூட்டுப் புள்ளையாட்டத்தான் நெனைக்கறேன். நாளான்னிக்கு விசாரணை. தகுதி இருக்கறவங்க பாத்து நடந்துச்சுன்னா அது விபத்து. தகுதி இல்லாதவங்க பாத்து நடந்துச்சுன்னா அது குத்தம். அவ்வளவுதான் வித்தியாசம். இது உன்னையும் காப்பாத்தும், கம்பெனியையும் காப்பாத்தும்."

"கதவைக் கட்டுனது நான்னு அந்த ஆபீசருகிட்டச் சொல்லிட்டேனுங்க."

"பயத்துல உளறிட்டேன்னு சொல்லிக்கலாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ பாத்துட்டு வந்ததுக்கப்பறம் அவங்களே காத்துக்குத் தொறந்து வெச்சுட்டாங்கன்னு சொல்லிரு. மாரக்காள் மேசை கதவோரத்துலதானே இருந்துச்சு? அவதான் கேட்டான்னு செக்கிங் லைன்ல எல்லாரும் சொல்றாங்க. பொய்யொண்ணும் இல்லையே. போனவளுக்கு இனிமே அதனால என்ன வந்துரப் போவுது?"

முத்தாயி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, காகிதத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு அவர் போனார்.

சண்முகப்பிரியா தேதியை மறுபடி பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சிவன்மலையில் இருந்தாள். மாரக்காளுக்கு ஏதோ வேண்டுதல். பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துகொண்டு, "முருகன் மேல உக்காந்துட்டு நம்மளப் பாத்துச் சிரிக்கறான் பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அதுல கையெழுத்து ஏதாச்சும் போடோணுமா?" என்று முத்தாயி கேட்டாள்.

"நான் போடமாட்டேம்மா."

"ஏன் கண்ணு?"

"போகாத ஊருக்குப் போனேன்னு எப்படிச் சொல்றது? அதுலயும் மாரக்காள் அத்தை மேல பழியப் போட்டு."

முத்தாயி ஒரு பனியனை எடுத்துப் பிசிறு வெட்டினாள். இரண்டாவதை எடுத்தாள். கத்திரி நின்றது. "எனக்கு மட்டும் அவ ஒறவில்லையா? நீ காய்ச்சல்ல கெடந்தப்ப மூணு நாளு பக்கத்துல உக்காந்திருந்தவ. எல்லாந் தெரியும். ஆனா உன்னப் புடிச்சு உள்ள வெச்சுட்டா? உங்கொப்பன் போனப்பறம் நான் எதைப் பாத்து உசுரோட இருக்கறேன்? நீ படிச்சு ஆபீசுல உக்காந்திருக்கறேன்னுதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன். செத்தவ திரும்பி வரமாட்டா சாமி. இருக்கறவளையாச்சும் காப்பாத்திக்கறேன், வுடு."

"நான் பாத்தேன்னு எழுதுனேம்மா. மூணு வருசம் எழுதுனேன். பாக்கத் தெரியாமயே பாத்தேன்னு எழுதுனேன்."

"தெரியாமச் செஞ்சது தப்பாகுமா?"

"தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு" என்றாள் சண்முகப்பிரியா. முத்தாயி அழுதுகொண்டே வெட்டினாள். ஒரு பனியனில் நூலோடு துணியும் சேர்ந்து நறுக்குப்பட்டது.

மறுநாள் சாயங்காலம் ஆத்தப்பன் வந்தார். மனைவி செத்த பிறகு அவர் அந்தத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வருவது அதுதான் முதல்தடவை. வாசற்படியில் உட்கார்ந்தார். முத்தாயி உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. காரியம் முடியும் வரை பட்டறைக்குப் போகவில்லை என்பதால் கைகள் வெளுத்திருந்தன. நகக்கண்ணில் மட்டும் பாலிஷ் கறுப்பு மிச்சமிருந்தது.

"கண்ணு, மானேஜரு ஊட்டுக்கு வந்தாரு" என்றார். "கதவை அவளே தொறந்து வெச்சுட்டாளாமா. அதனாலதான் பொகை வந்துச்சாமா. அப்படியா?"

முத்தாயி அடுப்படி நிலையில் நின்று மகளையே பார்த்தாள்.

"இல்லீங்க மாமா. நாந்தான் தொறந்து கட்டி வெச்சேன்."

"நீயா?"

"ஆமாங்க. அது சாத்தியே இருக்கோணுமாமா. எனக்குத் தெரியலீங்க. தொறந்திருந்தா நல்லதுன்னு நெனைச்சுட்டனுங்க."

"ஏங்கண்ணு, அதைப் பாக்கற வேலைக்குத்தானே உன்னைய வெச்சிருந்தாங்க?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சாத்தியிருந்தா வந்திருப்பாளா?"

இதற்கு மட்டும் பொய் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. "வந்திருப்பாங்க மாமா" என்றாள்.

காற்றுக்காகக் கேட்டது மாரக்காள்தான் என்பதை அவள் சொல்லவில்லை. ஆத்தப்பனும் கேட்கவில்லை. வெகுநேரம் தொட்டியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். முத்தாயி வைத்த காப்பி படியில் ஆடை கட்டிக் கிடந்தது.

விசாரணை செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு. பெரிய மேசை, மூன்று அதிகாரிகள், ஓரத்தில் ஒருவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். சுவரோரத்துப் பெஞ்சில் தரணீதரன், அவருக்குப் பக்கத்தில் வக்கீல், கடைசியில் ஆத்தப்பன். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஃபைலைப் புரட்டினார். மூன்று வருசத்துத் தாள்கள். எல்லாவற்றிலும் அதே கையெழுத்து.

"தீத்தடுப்புக் கதவை ஆய்வு செய்ய உங்களுக்கு என்ன தகுதி?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

வக்கீல் எழுந்தார். "பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது, அதன் நகலை நேற்றே தாக்கல் செய்திருக்கிறோம்."

"அந்தப் பயிற்சிக்கு நான் போகலீங்க. அன்னிக்கு நான் கோயமுத்தூர்லயே இல்லீங்க." அவள் பையிலிருந்து மெல்லிய புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது கதவோட வந்ததுங்க. எம் பீரோவுலதான் இருந்துச்சு. நான் பிரிச்சே பாக்கலீங்க. மூணாவது மாடிக் கதவை நாந்தான் கட்டி வெச்சேன். ரெண்டாவது மாடிக் கதவு தொறந்திருந்ததும் எனக்குத் தெரியுமுங்க. ரெண்டையும் சரியா இருக்குதுன்னு எழுதுனேன்."

"யார் எழுதச் சொன்னார்கள்?"

"நீதான் தகுதியான ஆளுன்னு மானேஜர் சொன்னாருங்க. இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தும் எழுதுனேனுங்க."

தரணீதரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கில் நிர்வாகத்தோடு அவள் பெயரும் சேரும் என்று அதிகாரி சொன்னார். புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றாள்.

அடுத்து ஆத்தப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு மேசை முன்னால் நின்றார்.

"கதவைப் பற்றி உங்கள் மனைவி வீட்டில் ஏதாவது சொன்னதுண்டா?"

"சொன்னாளுங்க சாமி. தீப்புடிக்கறதுக்கு முந்தின வாரம் பொதங்கெழமை வந்து சொன்னா. நம்ம பிரியா கதவைத் தொறந்து வெச்சுக் குடுத்திருக்கறா, இப்பத்தான் உசுரு வந்தாப்பல இருக்குது, அந்தப் புள்ள நல்லாயிருக்கோணும்னு சொன்னாளுங்க." அவர் சண்முகப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார். "அவதான் கேட்டிருப்பாளுங்க. காத்தில்லாம அவளுக்கு ஆகாது. ஊட்டுலயும் அப்படித்தான், மழையடிச்சாலும் கதவைச் சாத்த வுடமாட்டா. அவ கேட்டான்னு இந்தப் புள்ள எங்கிட்டயும் சொல்லலீங்க, இப்ப உங்ககிட்டயும் சொல்லலீங்க. அந்த ஒரு வாரம் ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்குனாளுங்க. அதுக்கு முன்னால ரெண்டு மாசமா மேலு வலியில தூக்கமே கெடையாது."

அதிகாரி டைப் அடிப்பவரைப் பார்த்து, "சம்பவத்துக்கு எட்டு நாள் முன்பிருந்தே கதவு திறந்திருந்தது, போட்டுக்குங்க" என்றார்.

சண்முகப்பிரியா எழுந்து வெளியே வந்தாள். இத்தனை நாளும் வராத அழுகை அங்கே, ஆட்கள் போய்வரும் வராந்தாவில், வாயைப் பொத்தியும் அடங்காமல் வந்தது. அந்தப் புள்ள நல்லாயிருக்கோணும். விசாரணையில் எழுதி வாங்கிய அத்தனை தாளிலும் அந்த ஒரு வரி இருக்கப்போவதில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. ஆத்தப்பன் முன்பே வந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்கள். துணிக்கட்டு ஏற்றிய டெம்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"மாமா" என்றாள் அவள்.

"வர்ஷினி உங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு சொல்லீட்டாளுங்க" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "அவ சின்னப்புள்ள. அவளை நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. நீங்க வேணும்னு செய்யலீங்கன்னு எனக்குத் தெரியுது. நெஞ்சு கேக்க மாட்டேங்குதுங்க. சித்தெ நாளாகட்டுங்க."

அந்த 'ங்க' ஒவ்வொன்றும் அவள்மேல் தனித்தனியாக விழுந்தது. பிறந்ததிலிருந்து அவர் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

"எத்தனை நாளுங்க மாமா?"

"அது எனக்கே தெரியலீங்க."

மண்ணரை பஸ் வந்தது. கூட்டமில்லை. ஆத்தப்பன் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். கண்டக்டர் படியில் நின்று, "வர்றீங்களா?" என்று கேட்டார். சண்முகப்பிரியா இல்லை என்று தலையாட்டினாள். பஸ் புறப்பட்டுத் திருப்பத்தில் மறைந்தது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் வெய்யிலிலேயே நின்றாள்.